மலைநாட்டு இல்லங்களில் மான்கொம்புப் பன்னம்

மண்ணில் வேரூன்றி, மண்ணிலிருந்தே நீரையும் ஆகாரத்தையும் பெற்று வாழ்வதே தாவரங்களின் பொது இயல்பு என்று கருதிப் பழகிய நமக்கு, மரக்கிளையையோ பாறை முகத்தையோ பற்றிக்கொண்டு, மழையாகவும் மூடுபனியாகவும் வரும் நீரை அருந்தி, காற்றிலே உதிர்ந்து வந்து சேரும் சருகையும் தூசியையும் உரமாக்கிக்கொண்டு வளரும் மேலொட்டித் தாவரங்களின் வாழ்க்கை பெரும் விந்தையாகவே தோன்றும். அவ்வினத்துள் உருவச் சிறப்பினால் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது மான்கொம்புப் பன்னம். தொட்டியும் மண்ணும் வேண்டாமல் ஒரு பலகைத் துண்டில் ஏறி, சுவரில் தொங்கியபடியே பல்லாண்டு வாழவல்ல இச்செடி, வீட்டைச் சுற்றித் தமக்கென்று ஒரு முழ நிலமும் இல்லாதவர்களும் வளர்க்கத்தக்கது. ஆகவே, தோட்டத்து லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவிலே குடியிருந்து, இஸ்தோப்பின் விளிம்பில் பால்மா டின்களில் பூஞ்செடி வைத்து அழகுணர்ச்சியைப் பேணிவரும் நம் மக்களுக்கு, இதனினும் பொருத்தமான செடி ஒன்றைக் காண்பது அரிது என்பது என் துணிபு. துரைமார் பங்களாக்களின் விறாந்தைகளுக்கே உரிய அலங்காரம் இது என்ற எண்ணம் நம்மிடையே ஒழியவேண்டும்.

இச்செடியைப் பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலம் முழுவதும் அறைகளை வெப்பமூட்டுவதால் காற்று வறண்டுபோகிறது. அவ்வறட்சியிலிருந்து செடியைக் காக்கும்பொருட்டு, அடிக்கடி நீர் தெளிக்குமாறு அந்நூல்கள் உபதேசிக்கின்றன. நுவரெலியாவிலும், ஹற்றனிலும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஆனி, ஆடி மாதங்களில் வீட்டுக்குள் கட்டிய கொடியிலே ஈரத்துணி நாட்கணக்கில் உலராமல் கிடக்கின்றதென்றால், அதே அறையில் தொங்கும் பலகையிலுள்ள தும்பும் உலராது என்பதை அறிய வேறு சாதனம் வேண்டியதில்லை. குளிர், ஈரம், இருள் என்னும் மூன்றில் ஏதேனும் ஒன்று தனித்து வந்தால் இச்செடி பொறுத்துக்கொள்ளும். இரண்டு கூடினால் தளரும். மூன்றும் ஒருங்கு கூடி நிலைத்தால் அழுகும். இவ்வத்தியாயத்தில் சொல்லப்போகும் நியமங்கள் யாவும் அம்மூன்றையும் ஒன்றுகூடவிடாமல் தடுக்கும் உபாயங்களேயன்றி வேறல்ல.

செடியின் சுபாவம்

மான்கொம்புப் பன்னத்தைப் பரிபாலிக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது, அதற்கு இரு வகை இலைகள் உண்டு என்பதே. ஒரு வகை, பலகையோடு படிந்து, வட்டமாகவோ சிறுநீரக வடிவாகவோ விரிந்து, வேரையும் தண்டையும் மூடிக் காக்கும் கேடய இலைகள். மற்றொரு வகை, நடுமொட்டிலிருந்து வெளியே நீண்டு, நுனியில் கிளைத்து, மானின் கொம்பை நினைவூட்டும் கொம்பிலைகள். கேடய இலை இளமையில் பசுமையாயிருந்து, நாளடைவில் பழுப்பு நிறமடைந்து காகிதம்போல் உலரும். உலர்ந்த பின்னும் அதன் தொழில் முடிவதில்லை. மேற்புறம் திறந்த அதன் விளிம்பினூடே விழும் சருகுகள் உட்புறத்தில் தங்கி மக்கி உரமாகின்றன. அடுக்கடுக்காகச் சேர்ந்த பழைய கேடயங்களே நீரை உறிஞ்சித் தேக்கி, வேர்களுக்குச் சிறுகச் சிறுக வழங்குகின்றன. ஆகவே, 'காய்ந்துபோன இலை' என்று கருதி அதை உரித்தெடுப்பது, செடியின் களஞ்சியத்தையே சூறையாடுவதற்கு ஒப்பாகும்.

கொம்பிலைகளின் மேல் வெண்சாம்பல் பூசினாற்போன்று காணப்படுவது தூசியன்று. நுண்ணிய உரோமங்களாலான போர்வை. கடும் வெயிலைத் தணிப்பதற்கும், நீர் ஆவியாய்ப் போவதைக் குறைப்பதற்கும் அது உதவுகிறது. மரச்சாமான்களைத் துடைப்பதுபோல ஈரத்துணியால் அதனைத் துடைத்துவிடுவோர், பளபளப்பைப் பெறுவதற்காகப் பாதுகாப்பை இழக்கின்றனர். இனி, முதிர்ந்த கொம்பிலைகளின் நுனியிலே, அடிப்புறத்தில், கபில நிறத்தில் வெல்வெட்டுப் போன்ற படலம் தோன்றும். அதுவும் நோயன்று, பன்னம் தன் சந்ததியைப் பெருக்குவதற்கான வித்திகள் அங்கே திரண்டிருக்கின்றன.

நடைமுறைக்கு மற்றொரு செய்தியும் பயன்படும். அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலிலுள்ள லோட் ஹாவ் தீவில் மரங்களின்மீது கூட்டமாக வாழும் மான்கொம்புப் பன்னங்களை ஆராய்ந்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அக்கூட்டத்தின் உறுப்புகளிடையே ஒருவகைத் தொழிற்பிரிவினை நிலவுவதை எடுத்துக்காட்டியது: சில வித்தி உண்டாக்காமல் நீரை உறிஞ்சித் தேக்குவதிலேயே சிறந்து நிற்க, சில நீரை நடுவை நோக்கி வழிப்படுத்த, சில வித்திகளைத் தருகின்றன. பலகையிலே கன்றுகள் பல நெருங்கி வளர்ந்தால், அவற்றையெல்லாம் உடனே பிரித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டியதில்லை என்பதற்கு இது தக்க ஆதாரம். கூடி வாழ்வதே அதன் பிரகிருதி.

இரு வகை இலை தாங்கும் இயல்பு நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று. தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்ற பெயரில் விற்கப்பட்டு, ரசத்துக்கும் சாறுக்கும் பயன்படும் கிழங்கைத் தரும் பன்னம், இலங்கையின் மரங்களிலும் பாறைகளிலும் தானே வளர்கிறது. அதிலும் உலர்ந்து நின்று சருகேந்தும் இலை வேறு, பசுமையாய் நீளும் இலை வேறு. மான்கொம்புப் பன்னத்தின் வாழ்க்கை முறையைக் கண்ணால் கண்டு தெளிய விரும்புவோர், அப்பன்னம் வளரும் பழைய மரம் ஒன்றை அண்ணாந்து பார்த்தாலே போதும்.

எவ்வினத்தைத் தேர்வது

மான்கொம்புப் பன்னங்களில் ஏறக்குறைய 18 இனங்கள் உள. அவற்றுள் மலைநாட்டுக்கு முதன்மையாக விதந்துரைக்கத்தக்கது பைஃபர்கேட்டம் என்னும் இனமே. தேயிலை மலைகளில் நிழலுக்காக நடப்பட்டு, தோட்டத்தார் சவுக்கு மரம் என்று வழங்கும் கிரெவிலியா, கிழக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கு வந்தது. இப்பன்னமும் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் ஆகிய அதே கீழ்க்கரைக் காடுகளில் இயற்கையாக வளர்வது. சவுக்கு மரம் நம் மலைகளோடு எவ்வாறு இணங்கிப்போயிற்றோ, அவ்வாறே அதன் தாய்நாட்டுப் பன்னமும் இணங்கிப்போகும். இரவில் 10 பாகை செல்சியஸ் வரை குளிர் இறங்குவதை இது எளிதில் தாங்கும். தும்பு உலர்ந்திருக்குமாயின், அதற்குக் கீழான குளிரையும் சிறிது நேரம் பொறுக்கும்.

பெரிய கேடயத்தை மகுடம்போல் விரிக்கும் சுப்பர்பம் என்னும் இனமும் குளிரை ஓரளவு தாங்கவல்லது. ஆயினும் அது பக்கக் கன்று ஈனாது. ஒற்றை மொட்டையே நம்பி வாழ்வதால், அம்மொட்டு அழுகினால் செடி முழுவதும் போயிற்று. அநுபவம் வாய்ந்தவர்களே அதனை மேற்கொள்வது நன்று. தென்கிழக்கு ஆசியாவின் வெப்பக் காடுகளுக்குரிய கொரொனேரியம், ரிட்லி ஆகிய இனங்களைக் கொழும்பிலோ கண்டியிலோ காண்பவர்கள் அவற்றின் எழிலில் மயங்கி மலைக்குக் கொண்டுவருதல் கூடாது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் இரவுகள் அவற்றுக்கு ஏற்றவையல்ல. ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனிலும் அவை பெருஞ் சிரத்தையின்றித் தேறமாட்டா.

செடியை வாங்கும்போது, பூச்செடி விற்கும் தவறணைகளில் வளர்க்கப்பட்ட கன்றையே வாங்குக. நடுமொட்டு உறுதியாகவும், வெண்பச்சையாகவும் இருக்கவேண்டும். அது கறுத்தோ குழைந்தோ இருப்பின், கொம்பிலைகள் எத்துணை அழகாயிருந்தாலும் அச்செடியை ஏற்கலாகாது. பன்னங்களைப் பற்றிய பொது அறிவை வளர்த்துக்கொள்வதற்கு, நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியிலே சிறிது தூரத்தில் அமைந்துள்ள ஹக்கல தாவரவியற் பூங்காவுக்குச் சென்றுவருதல் மிகுந்த பயன் தரும். 1861 இல் சிங்கோனாப் பயிரைப் பரீட்சிப்பதற்காகத் தொடங்கப்பெற்ற அப்பூங்காவின் பன்னத் தோட்டத்தில், எவ்வளவு நிழல், எவ்வளவு ஈரம், எவ்வளவு காற்றோட்டம் ஆகியவை கூடும்போது பன்னங்கள் தழைக்கின்றன என்பதை நேரிற் கண்டறியலாம்.

பலகையும் தும்பும்

செடியைத் தாங்கும் பலகைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு: ஈரத்தில் விரைவில் உக்காதிருத்தல், செடியின் பாரத்தைத் தாங்குதல், நஞ்சற்றிருத்தல். பழைய கதவு, கட்டில் முதலியவற்றிலிருந்து கிடைக்கும் பலா மரத் துண்டு இம்மூன்றுக்கும் பொருந்துவதால் அதுவே சிறந்தது. சவுக்குப் பலகை இலேசானது, எங்கும் கிடைப்பது; ஆனால் சில ஆண்டுகளில் மாற்றவேண்டி நேரும். பழந்தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் மலைகளில் ஒதுக்கப்படும் தேயிலைத் தூர்கள், வைரம் பாய்ந்தவையாகவும், இயற்கையான வளைவு நெளிவு உடையவையாகவும் இருப்பதால், தோட்ட நிருவாகத்தின் அனுமதியோடு அவற்றைப் பெற்றுப் பயன்படுத்தினால் செடிக்கு ஒரு தனி அழகு உண்டாகும். பழைய தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகை நனைந்தால் தாள் தாளாகப் பிரிந்துவிடுமாதலின், அது ஆகாது. வர்ணம் பூசியதும், கறையான் மருந்து ஊட்டியதுமான மரங்களை அறவே விலக்குக. ஒரு சாண் அகலமுள்ள கன்றுக்கு 30 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் 2.5 சென்ரிமீற்றர் கனமும் உள்ள பலகை போதுமானது.

வேருக்கும் பலகைக்கும் இடையே வைக்கும் படுக்கைக்குப் பிறநாட்டார் ஸ்பாக்னம் பாசியை நாடுகின்றனர். நமக்குத் தென்னந்தும்பு கைக்கெட்டிய பொருள். தும்பில் உப்பு கலந்திருத்தல் கூடுமாகையால், அதனை வாளியில் ஊறவைத்து, நீரைக் கொட்டி, மீண்டும் ஊறவைத்து, நீர் தெளிந்து வரும்வரை அலசிய பின்பே உபயோகிக்கவேண்டும். மலைக்காட்டு மரங்களில் தொங்கும் பாசியை உரித்துவந்து பயன்படுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனை நான் வன்மையாக மறுக்கிறேன். அப்பாசியே மூடுபனியின் நீரைப் பிடித்து, நம் ஓடைகளுக்கும் பீலிகளுக்கும் ஊட்டும் மலைக்காட்டின் உறுப்பு. ஹோட்டன் சமவெளி 1988 இலிருந்து தேசிய வனம். 2010 இல் அதுவும் அதனைச் சார்ந்த மத்திய மலைக்காடுகளும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்கிருந்து ஒரு பிடி பாசியையும் எடுத்தல் குற்றமாகும். மரப்பன்னங்களின் தண்டை அறுத்துப் பலகையாக்குவதும் அவ்வாறே விலக்கத்தக்கது. அவை சருவதேச உடன்படிக்கையால் காக்கப்படும் இனங்கள். ஒரு பன்னத்தைச் சுவரில் வளர்ப்பதற்காக மற்றொரு பன்னத்தைக் காட்டில் வெட்டுவது எந்த அறத்துக்கும் ஒவ்வாது.

பிணைக்கும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களே பிணைப்பதற்கு உகந்த காலம். அப்போது உஷ்ணம் போதியதாயிருப்பதால், வேர் விரைவில் பற்றும். பலகையின் நடுவில், கேடய இலையின் அளவைவிடச் சற்றுப் பெரிய வட்டம் வரைந்து, அவ்வட்டத்தின் மேல் இரண்டு விரற்கிடை தூரத்துக்கு ஒன்றாகச் சிறிய நாகம் பூசிய ஆணிகளைப் பாதியளவு அறைக. கழுவிப் பிழிந்த தும்பை வட்டத்தினுள்ளே இரண்டு விரற்கனம் பரப்புக. தொட்டியிலிருந்து கன்றை மெல்ல வெளிப்படுத்தி, வேரைச் சுற்றிய பழைய மண்ணில் தளர்ந்ததை உதிர்த்து, எஞ்சிய வேர்க்கட்டியைத் தட்டையாக்கித் தும்பின் மேல் வைக்க. நடுமொட்டு வெளிநோக்கி, சற்றே மேல்முகமாக இருக்கவேண்டும். கேடயத்தின் திறந்த விளிம்பு மேற்புறமாக அமையவேண்டும். பின்பு, மீன்பிடிக்கும் தங்கூசியை ஓர் ஆணியிலிருந்து எதிர் ஆணிக்குக் குறுக்கும் நெடுக்குமாக, கேடய இலையின் மேலாக இழுத்துக் கட்டுக. மொட்டின் மேல் தங்கூசி ஒருபோதும் படலாகாது. மொட்டைத் தும்பால் மூடவும் கூடாது. கட்டு அசைவைத் தடுக்கும் அளவுக்கு இறுக்கமாயிருந்தால் போதும். புதிய கேடயம் ஒன்று தோன்றி, பலகையைத் தானே பற்றிக்கொண்ட பின்பு தங்கூசியை அறுத்தெடுத்துவிடலாம்.

செப்புக் கம்பியால் மட்டும் கட்டாதீர்கள். செம்பு பன்னங்களுக்கு நஞ்சு. தேயிலைத் தோட்டத்தார் இவ்வெச்சரிக்கையை மற்றவர்களினும் கூடுதலாக மனத்திற் கொள்ளவேண்டியதற்குக் காரணம் உண்டு. 1946 இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கத் தொடங்கிய கொப்புள நோயைக் கட்டுப்படுத்துவதற்குச் செம்பு கலந்த மருந்துகளே பெரிதும் தெளிக்கப்பட்டு வந்துள்ளன. அம்மருந்து தெளித்த கருவியால் பன்னத்துக்கு நீர் தெளிப்பதும், அம்மருந்து கலந்த வாளியில் பலகையை ஊறவைப்பதும், மருந்தடிக்கும் நாட்களில் மலைப்பக்கத்துச் சன்னலைத் திறந்துவைப்பதும் செடிக்குத் தீங்கு விளைக்கும். களைகொல்லியாகிய புல்லெண்ணெய் அடித்த கருவிகளுக்கும் இதே விதி.

வீட்டில் இடம்

மலைநாட்டு வீட்டில் செடிக்கு இடம் தேடுவதென்றால் வெளிச்சம் தேடுவது என்றே பொருள். மூடுபனியும் மப்பும் சூழ்ந்த மாதங்களில் வெளியிலேயே வெளிச்சம் குறைந்துவிடுகிறது. சிறு சன்னல் ஒன்றே உடைய காம்பராவின் உட்சுவரை அடையும்போது அதன் பெரும்பகுதி மறைந்துபோகிறது. ஆதலால், கிழக்கு நோக்கிய சன்னலுக்கு ஒரு கை தூரத்துக்குள், காலை இளவெயில் சிறிது நேரம் படும் இடமே முதல் ஸ்தானம். நண்பகலில் செடி தொங்கும் இடத்தில் கையை நீட்டினால், சுவரில் மங்கலான நிழலாவது விழவேண்டும். நிழலே விழாத இடத்தில் கொம்பிலைகள் வெளிறி, நீண்டு, தளர்ந்து தொங்கும். தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட தெளிந்த வானத்தில், உயர்ந்த மலையின் பிற்பகல் வெயில் மிகக் கடுமையானதாகையால், அக்காலத்தில் மேற்குச் சன்னலில் நேர்வெயில் படாமல் மெல்லிய திரையிடுக. வீட்டினுள் தக்க வெளிச்சம் கிடையாதெனில், கூரையால் மூடப்பட்ட இஸ்தோப்பின் சுவர் உள்ளறையிலும் மேலானது.

விறகடுப்புள்ள சமையலறையில் இதனை வைக்கவேண்டாம். புகைக்கரி உரோமப் போர்வையில் படிந்தால், துடைக்கவும் இயலாது, கழுவவும் எளிதன்று. பலகையை ஈரஞ்சுவறிய சுவரோடு ஒட்டித் தொங்கவிடுதலும் தவறு; பலகையின் பின்புறம் நான்கு மூலைகளிலும் ஓர் அங்குலக் கனமுள்ள மரத்துண்டுகளை அறைந்துவிட்டால், இடையே காற்று உலாவும், சுண்ணாம்பு பூசிய சுவரும் கறைபடாது. நன்கு வளர்ந்து நனைந்த செடி பெரும் பாரமுடையதாகையால், கொளுக்கியைச் சாந்து பூச்சில் அல்லாமல், கல்லிலோ மரச்சட்டத்திலோ பதிக்கவேண்டும்.

நீர் வார்த்தல்

இச்செடிக்கு நீர் வார்க்கும் கலை முழுவதும், பலகையைக் கையில் ஏந்தி அதன் பாரத்தை அறிவதில் அடங்கியிருக்கிறது. நன்கு நனைந்தபோது உள்ள பாரத்தையும், உலர்ந்தபோது உள்ள பாரத்தையும் கை ஒருமுறை அறிந்துகொண்டதாயின், நாட்காட்டியைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பலகை இலேசாகி, தும்பைத் தொட்டால் ஈரம் தட்டாமல், கொம்பிலைகள் சிறிதே தளரத் தொடங்கும் சமயமே நீர் வார்க்கும் சமயம். ஐயமுண்டாயின் மறுநாள்வரை பொறுத்திருப்பதே விவேகம். ஏனெனில், உலர்ந்த செடி ஒரு நாளில் மீளும், அழுகிய மொட்டு என்றும் மீளாது.

அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, பலகையின் தும்புப் பகுதி மூழ்குமாறு பத்து அல்லது பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, சொட்டுவது நிற்கும்வரை காற்றோட்டமான இடத்தில் சாய்த்துவைத்து, பின்பு சுவரில் மாட்டுக. இதனைக் காலையிலேயே செய்யவேண்டும். இரவின் குளிர் இறங்குமுன் இலையும் மொட்டும் உலர்ந்துவிடுவதே இதன் நோக்கம். பீலித் தண்ணீரும் மழைநீரும் பெரும்பாலும் உப்புக் குறைந்த மென்னீராதலால் இதற்கு மிக ஏற்றவை. தை மாதத்துக் காலையில் பீலியில் விழும் நீர் எலும்பை ஊடுருவும் குளிருடையது. ஆதலின், முதல்நாள் மாலையிலேயே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்து, அறையின் வெப்பநிலையை அடைந்த பின் பயன்படுத்துக. குளோரின் கலந்த குழாய்நீருக்கும் ஓர் இரவுத் தங்கல் நன்மை தரும். மழைக்காலத்தில் இலைமேல் நீர் தெளிக்கும் வழக்கத்தை முற்றாக விட்டுவிடுங்கள். அக்காலத்து மலைக்காற்றே அவ்வேலையைச் செய்கிறது.

ஆகாரம்

காட்டில் சில சருகுகளைக் கொண்டே வாழும் செடிக்கு வீட்டில் பெருவிருந்து தேவையில்லை. நீரில் கரையும் சமச்சீர் உரத்தை, உறையிற் குறித்த அளவில் நாலில் ஒரு பங்காகக் குறைத்து, சித்திரை முதல் புரட்டாதி வரை மாதம் ஒருமுறை, ஊறவைக்கும் நீரிலே கலந்து கொடுத்தால் போதும். வெளிச்சம் மிகக் குறைந்த மாதங்களில் அதனையும் நிறுத்திவிடலாம். தேயிலைக்கு இடும் உரத்தைக் கைப்பிடியாக எடுத்துக் கேடயத்தின் பின் போடுவோர் வேரைச் சுட்டெரிக்கின்றனர். வாழைப்பழத் தோலை அங்கே செருகும் வழக்கமும் பரவலாக உண்டு. அதனால் சிறிது பொட்டாசியம் கிடைக்குமாயினும், எறும்பும் கரப்பானும் குடியேறுமாதலின், வீட்டுக்குள் அது தக்கதன்று. வடித்த தேயிலைச் சக்கையைப் பற்றிப் பலர் வினவுவர். சீனியும் பாலும் கலந்த சக்கையை ஒருபோதும் இடாதீர்கள். வெறுஞ் சக்கையாயினும் அது ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சணத்தை வளர்க்குமாகையால், கூட்டெருக் குழியிலிட்டு மக்கவைத்து, ஒரு தேக்கரண்டியளவு கேடயத்தின் பின்புறம் தூவுவதே நன்று.

ஆண்டின் போக்கு

தை முதல் பங்குனி வரை நம் மலைகளில் பகல் தெளிந்தும், இரவு குளிர்ந்தும் இருக்கும். நுவரெலியாப் பள்ளத்தாக்குகளில் சில விடியற்காலைகளில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கும். காற்று வறண்ட இக்காலத்தில், ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை ஊறவைத்தல் பொதுவாகப் போதும். இஸ்தோப்பில் தொங்கும் செடியை இரவில் உள்ளே எடுத்துவைக்க; உறைபனி எதிர்பார்க்கும் இரவுக்கு முன்தினம் நீர் வார்க்கவேண்டாம்.

சித்திரையும் வைகாசியும் வளர்ச்சிக் காலம். புதிய கேடயங்களும் கொம்புகளும் தோன்றும். பிணைத்தல், பிரித்தல் ஆகிய காரியங்களை இக்காலத்தில் முடித்துக்கொண்டு, உரமிடலையும் தொடங்குக.

வைகாசி இறுதியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளை வாரக்கணக்கில் மூடிக்கொள்ளும். அபாயம் மிகுந்த காலம் இதுவே. நீர் வார்ப்பதை இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறையாகச் சுருக்கி, பலகை பாரமாயிருந்தால் அதையும் தள்ளிவைத்து, செடியைச் சன்னலுக்கு மேலும் நெருக்கமாகக் கொண்டுவந்து, பகலில் கதவைத் திறந்து காற்று உலாவச் செய்க. இதே மாதங்களில் மலையின் மறுபுறத்து ஊவாவில், பண்டாரவளை, பதுளைப் பகுதிகளில் வறண்ட கச்சான் வீசுமாதலால், அங்கே வசிப்போர் வாரம் ஒருமுறை நீர் வார்க்கவேண்டி வரும். ஒரே மலைநாட்டில் ஒரே மாதத்தில் இரு வேறு விதிகள் பொருந்துகின்றன. நாட்காட்டியைவிடக் கையின் தீர்ப்பே மேலானது என்று முன்னர்ச் சொன்னது இதனாலேயே.

ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை பெய்யினும் காலைகள் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். அவ்வெளிச்சத்தைச் செடிக்குக் கிடைக்கச் செய்க. மார்கழியில் உரமின்றி, அளவான நீரோடு ஓய்வு கொடுக்க.

நோயும் பூச்சியும்

கேடயத்தின் அடியில் கரிய, ஈரமான புள்ளிகள் தோன்றிப் பரவுமாயின், நீர் மிகுந்ததால் பூஞ்சணம் பற்றியிருக்கிறது என்று கொள்க. நீரை உடனே நிறுத்தி, காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றி, பலகை நன்றாக உலரும்வரை காத்திருத்தலே முதற் சிகிச்சை; செம்பு மருந்தை நாடுதல் நோயினும் பெருங்கேடு. கொம்பிலைகளின் நுனி பழுத்துக் காய்ந்தால் அது நீர்க்குறைவு.

இலையடியில் சிறு சிரங்குபோல் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சியையும், மாவு பூசினாற்போன்ற வெண்மூட்டுப் பூச்சியையும் மாதம் ஒருமுறை தேடிப் பார்க்கவேண்டும். மதுசாரத்தில் தோய்த்த பஞ்சுத் திரியால் பூச்சியை மட்டும் தொட்டு அகற்றுக. எண்ணெய் கலந்த மருந்து உரோமப் போர்வையைக் கெடுக்கும். மழைக்காலத்தில் இளங்கொம்புகளின் நுனி இரவோடிரவாகக் கடிபட்டிருந்தால், நத்தையோ அட்டை போன்ற ஓடில்லா நத்தையோ வந்து சென்றிருக்கிறது. விளக்கோடு இரவில் தேடிப் பலகையின் பின்புறத்திலிருந்து அதனைப் பிடித்தெடுத்தலே உறுதியான பரிகாரம்.

கன்று பிரித்தலும் கையளித்தலும்

செடி முதிர்ந்து, அதனருகே தோன்றிய கன்றின் கேடயம் உள்ளங்கையளவு விரிந்தபின், சுத்தமான கூரிய கத்தியைக் கேடயத்துக்கு வெளியே வட்டமாகச் செலுத்தி, வேரோடும் சிறிது பழந்தும்போடும் அதனைப் பெயர்த்தெடுத்து, முன் சொன்ன முறைப்படியே புதிய பலகையிற் பிணைக்கலாம். வித்தியிலிருந்து வளர்த்தலும் இயலுமாயினும், கொதிநீரால் தூய்மை செய்த படுக்கையும், மூடிய கண்ணாடிப் பாத்திரமும், ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டுவதால், அதனை ஆர்வம் மிக்கவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பிரித்த கன்று ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன், பலகையின் பின்புறத்தில், இனத்தின் பெயரையும், பிணைத்த மாதத்தையும் ஆண்டையும், தாய்ச்செடி எந்தத் தோட்டத்தில் எத்தகைய இடத்தில் வளர்ந்தது என்பதையும் பென்சிலால் எழுதிவையுங்கள்; பென்சில் எழுத்து நீரில் கரையாது. அக்குறிப்பு, பெறுபவருக்கு அச்செடியின் பழக்கத்தை உணர்த்தி, அதற்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். ஒரு லயத்தில் ஒருவர் சிரத்தையோடு வளர்த்தால், சில ஆண்டுகளில் அந்த லயத்துக் காம்பராக்கள் அனைத்துக்கும் கன்று கிடைக்கும். அவ்வாறு கொடுக்கும்போது, பலகையின் பாரத்தைக் கையால் அறியும் முறையையும் கூடவே கற்றுக்கொடுங்கள். செடியை மட்டும் கொடுத்து அம்முறையைக் கொடாதிருத்தல், பாதிக் கொடையே ஆகும்.